பைக் செயின் பராமரிப்பு: சுத்தம் செய்வது முதல் தொய்வு சரிபார்ப்பது வரை

செயின் சத்தம் போட ஆரம்பித்தால் உடனே இறுக்கிவிட வேண்டும் என்றுதான் புதிதாக பைக் வாங்கியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். விறைப்பாக இருப்பதுதான் நல்ல செயின் என்ற அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். செயினுக்குத் தொய்வு கட்டாயம் வேண்டும். மேடு பள்ளங்களில் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஏறி இறங்கும்போது, செயின் ஓடும் பல் சக்கரங்களான முன் ஸ்பிராக்கெட்டுக்கும் பின் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் சீட்டில் உட்கார்ந்தாலே பெரும்பாலான பைக்குகளில் செயின் கொஞ்சம் இறுகும். ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் அதற்கு மேல் இறுக இடமில்லாமல், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். செயினை மாற்றுவது எளிது. அந்த பேரிங்கை மாற்றப் பல பைக்குகளில் இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர், மென்மையான பிரஷ், பழைய துணி, செயின் லூப் (lube, செயினுக்கான மசகு), ஸ்கேல், ஆக்சில் நட்டுக்கு (பின்சக்கர அச்சின் நட்டுக்கு) பொருந்தும் ஸ்பேனர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கோடு வந்த கையேடும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: நிறுத்துதல்

பைக்கை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயினைத் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. துணி செயினில் சிக்கினால், கையை எடுப்பதற்குள் விரல் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்றுங்கள்.

படி 2: சுத்தம்

மண்ணெண்ணெயைத் தொட்டு பிரஷால் நாலா பக்கமும் தேய்த்து, துணியால் துடைத்து உலரவிடுங்கள். இப்போது பல பைக்குகளில் வருவது ஓ-ரிங் செயின். அதன் இணைப்புகளுக்குள் கிரீஸை அடைத்துவைத்திருப்பவை சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். ரப்பர் போனால் உள்ளே இருக்கும் கிரீஸும் போய்விடும். வெளியிலிருந்து எவ்வளவு லூப் அடித்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

படி 3: தொய்வை அளத்தல்

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். கீழ்ப்பக்கச் செயினில், இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து, விரலால் மேலே தள்ளியும் கீழே இழுத்தும் பாருங்கள். இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் தொய்வு. சாலையில் ஓடும் பல பைக்குகளுக்கு இது 20 முதல் 35 மி.மீ.க்குள் இருக்கும். கரடுமுரடான பாதைகளுக்கான பைக்குகளுக்கு இன்னும் அதிகம். உங்கள் பைக்குக்கான சரியான அளவையும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிடாதீர்கள். ஓடிய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடங்களில் அளந்து, எங்கே மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தின் தொய்வையே கணக்கில் எடுங்கள். தளர்வான இடத்தைப் பார்த்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் பேரிங் அடிவாங்கும்.

படி 4: சரிசெய்தல்

அளவு சரியாக இருந்தால் இதைத் தாண்டிப் போய்விடலாம். இல்லையென்றால் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்பின் நகர்த்தும் திருகுகளான இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் கால் சுற்று கால் சுற்றாக, சமமாகத் திருப்புங்கள். அட்ஜஸ்டரின் குறி, ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளில் இருபுறமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாகிவிடும்.

ஆக்சில் நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கியபின் தொய்வை மறுபடியும் அளந்து பாருங்கள். முடுக்கும்போது ஆக்சில் சற்று நகர்ந்து அளவு மாறுவது உண்டு. பின்னால் டிரம் பிரேக் இருந்தால் பெடலையும் மிதித்துப் பாருங்கள். சக்கரம் பின்னே போனதால் பிரேக் ராடு இழுபட்டு, பிரேக் உரசிக்கொண்டே இருக்கலாம்.

படி 5: லூப்

சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, செயின் இளஞ்சூடாக இருக்கும்போது அடித்தால் லூப் நன்றாக உள்ளே இறங்கும். செயினின் உட்பக்கத்தில் அடியுங்கள். ஓடும்போது சுழலும் வேகமே அதை வெளிப்பக்கம் தள்ளிவிடும். டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அரை மணி நேரமாவது விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். 500 கி.மீ.க்கு ஒரு முறை செய்தால் போதும். மழையில் நனைந்தால், கி.மீ. கணக்குப் பார்க்காமல் அன்றே செய்துவிடுங்கள்.

எப்போது மாற்றுவது?

பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. பற்கள் கொக்கி போல வளைந்திருந்தாலும், அட்ஜஸ்டரில் இனி இழுக்க இடமில்லை என்றாலும் அப்படித்தான். அப்போது செயினோடு இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். புதுச் செயினில் கிளிப் லாக் (இணைப்பு கழலாமல் பிடிக்கும் சின்ன கிளிப்) இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். திறந்த முனை முன்னே இருந்தால், எதிலாவது உரசும்போது கிளிப் கழன்றுவிடும்.