பழைய ஸ்கெட்ச் புக்கைத் திறக்கும் முன்

"எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் பார்க்கலாம்" என்று பழைய படங்களை எடுத்துக்கொண்டு உட்காரும்போது கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது ஒன்றுதான். இருப்பதிலேயே கேவலமான பழைய படம் ஒன்று, இருப்பதிலேயே நன்றாக வந்த புதுப் படம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ. நானும் செய்திருக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த போட்டோவைப் பார்த்து, சரி, அடுத்து எதைப் பழகலாம் என்று கேட்டால் பதில் வராது. கற்றுக்கொண்டதெல்லாம் நடுவில் இருக்கும் வருஷங்களில் நடந்தது, அந்த வருஷங்களைத்தான் நாம் வெட்டி எடுத்துவிட்டோம்.

அந்த நடு வருஷங்களை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஒரு முழு விடுமுறை நாள் வேண்டும், தரையில் கொஞ்சம் இடம் வேண்டும். மனசு சரியில்லாத நாளிலோ, உங்கள் படத்தை யாராவது வேண்டாமென்று திருப்பி அனுப்பிய வாரத்திலோ இதைத் தொடங்காதீர்கள். அந்த மாதிரி நேரத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் மோசமாகத்தான் தெரியும், நேற்று வரைந்தது உட்பட.

முதல் வேலை, தேதி கண்டுபிடிப்பது. ஒழுங்காகத் தேதி போட்டு வைத்திருக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், ஆனால் நம்மில் அப்படி எத்தனை பேர்? காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் பாதி கணக்குப் பாடம் இருக்கும், அது எந்த வகுப்பு என்று தெரிந்தால் வருஷம் கிடைத்துவிடும். என்னென்ன பேனா எப்போது கையில் இருந்தது என்பதும் உதவும். போனில் எடுத்த போட்டோவாக இருந்தால் எடுத்த தேதி ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை நம்பலாம். ஃபோல்டரில் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள், ஃபைலை ஒரு ஹார்டு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோதோ வேறு எதற்கோ திறந்து சேவ் செய்தபோதோ அது மாறியிருக்கலாம். மெசேஜில் யாருக்கோ அனுப்பி, அங்கிருந்து திரும்ப எடுத்த படங்களில் பெரும்பாலும் இந்தத் தகவலே இருக்காது. மாதம், நாள் எல்லாம் தேவையில்லை. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை கிடைத்தால் போதும். அப்படியே பின்பக்கம் பென்சிலால் வருஷத்தை எழுதிவிடுங்கள், பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

அப்புறம், வருஷத்துக்கு மூன்று படம். நல்லதாக மூன்று எடுக்காதீர்கள், கை தானாக அதைத்தான் தேடும். முடித்த படம் ஒன்று, பாதியில் விட்டது ஒன்று, மூன்றாவது கண்ணை மூடிக்கொண்டு நோட்டைப் பிரித்தால் வருகிற ஏதோ ஒரு பக்கம். இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும். முடித்த படத்தில் ரப்பரும் பொறுமையும் சேர்ந்து பாதித் தப்பை மறைத்திருக்கும், நோட்டின் நடுப்பக்கத்தில் அதற்கெல்லாம் நேரம் இருந்திருக்காது.

வரிசையாகத் தரையில் பரப்பியாயிற்றா? ஒரு பத்து நிமிஷம் சிரித்துக்கொள்ளுங்கள், அல்லது தலையில் அடித்துக்கொள்ளுங்கள், அது எப்படியும் வரும், வந்து போகட்டும். அதற்கப்புறம் இரண்டாவது தடவை பார்க்கும்போது "நன்றாக இருக்கிறதா" என்று கேட்காமல், "இதில் எதை ஒளித்து வைத்திருக்கிறேன்" என்று கேளுங்கள். இந்த முழு வேலையில் எனக்கு உபயோகப்பட்ட ஒரே கேள்வி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

என் பழைய நோட்டு ஒன்றில் மொத்தம் 23 ஆட்கள் இருக்கிறார்கள், உட்கார்ந்து எண்ணினேன். அதில் கை முழுசாகத் தெரிவது நான்கே பேருக்கு. மற்றவர்களில் பாதிப்பேர் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டிருக்கிறார்கள், சிலர் பின்னால் கட்டிக்கொண்டு தலைமையாசிரியர் மாதிரி நிற்கிறார்கள், ஒரு பெண் சும்மா நிற்கும்போதுகூட ஒரு பெரிய பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பெட்டிக்குப் பின்னால் விரல்கள் போய்விட்டன அல்லவா. பாதங்கள் எல்லாம் புல்லுக்குள். ஒரு கண் மேல் முடி விழுந்திருக்கிறது, ஏதோ ஸ்டைல் என்று அப்போது நினைத்திருந்தேன், உண்மையில் இரண்டாவது கண் முதல் கண்ணோடு பொருந்தவில்லை. எல்லா முகமும் இடப்பக்கம்தான் பார்க்கிறது. வலது கையால் வரைகிறவர்களுக்கு இது சகஜம், நெற்றி, மூக்கு, தாடை என்று இடப்பக்கமாக வளைகிற கோட்டுக்கு மணிக்கட்டு சுலபமாகத் திரும்பும். வலப்பக்கம் திரும்பிய ஒரே ஒரு முகம் இருந்தது, அதை அழித்து அழித்துக் காகிதமே ஓட்டையாகியிருந்தது.

இப்படி ஒளித்து வைத்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கை, பாதம், வலப்பக்க முகம், பின்னணி, கூட்டம், எதுவாக இருந்தாலும். எழுதி முடித்தபின் ஒவ்வொன்றும் எந்த வருஷம் வெளியே வந்தது என்று வரிசையில் தேடுங்கள். என் விஷயத்தில் கைகள் வெளியே வந்த வருஷத்தின் படங்கள் பார்க்கச் சகிக்காது. விரல்கள் முருங்கைக்காய் மாதிரி, கட்டைவிரல் தப்பான பக்கத்தில், ஒரு இடத்தில் ஆறு விரல். அதற்கு முந்தைய வருஷப் படங்கள் இதைவிட எவ்வளவோ லட்சணமாக இருந்தன. முதல் படம், கடைசிப் படம் என்று ஒப்பிடுகிறவர் இந்த வருஷத்தைப் பார்த்தால் "இங்கே இறங்கிவிட்டாய்" என்பார். ஆனால் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த அசிங்கமான வருஷத்தில்தான். பயந்து தள்ளிப்போட்ட ஒன்றை முதல்முறை தொடும்போது படம் மோசமாகும், அதனால் உங்கள் வரிசையில் திடீரென்று மோசமாகிற இடம் வந்தால் வெட்கப்பட்டுக் கடந்துபோகாமல் அங்கேயே நின்று, அப்போது எதைப் புதிதாக முயன்றீர்கள் என்று பாருங்கள். ஒன்றுமே மோசமாகாமல் மூன்று நான்கு வருஷம் வழவழவென்று போயிருந்தால்தான் எனக்குக் கவலை வரும்.

கண்ணால் மட்டும் பார்த்தால் பிடிபடாத விஷயங்களும் உண்டு, அதற்குச் சில எளிய சோதனைகள். படங்களை போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஆரம்பகாலப் படங்கள் பெரும்பாலும் ஒரே சாம்பல் பூச்சாக மாறிவிடும், ஏனென்றால் நிறத்தை மாற்றினோமே தவிர இருட்டு, வெளிச்சத்தை மாற்றவில்லை. சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் ஒரே அடர்த்தி. எனக்கு இருட்டு என்றால் பயம், எச்பி பென்சிலைத் தாண்டிப் போகவே மாட்டேன், அதைவிடக் கறுப்பான 6பி பென்சிலைத் துணிந்து அழுத்திய படத்தை இந்தச் சோதனையில் ஒரு நொடியில் கண்டுபிடித்தேன். அடுத்தது, படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்ப்பது, சாய்ந்திருக்கிற முகங்கள் உடனே மாட்டிக்கொள்ளும். ஸ்கேல் வைத்து அளந்தும் பார்க்கலாம். நேராகப் பார்க்கிற முகத்தில் உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண் வரும், ஆனால் ஆரம்பத்தில் நாம் எல்லோரும் கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிடுவோம், மூளைக்கு மண்டையின் மேல்பாதி முக்கியமாகப் படுவதில்லை. வருஷா வருஷம் அந்தக் கண் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு தனி வேடிக்கை.

கோட்டையும் பாருங்கள். முடி முடியாக, பத்துத் துண்டுகளை ஒட்டி ஒட்டி ஒரு கோடு போட்டிருந்தால் அது பயத்தின் கோடு. ஒரே இழுப்பில் வந்து, கொஞ்சம் தப்பாக இருந்தாலும் அப்படியே விடப்பட்ட கோடு எந்த வருஷம் வருகிறது?

இங்கே ஒரு எச்சரிக்கை. நுணுக்கம் கூடுவதை வளர்ச்சி என்று எண்ணிவிடுவது சுலபம், தோலின் ஒவ்வொரு துளையும் தெரிகிற படம் வந்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று தோன்றும். ஃபின்லாந்து ஓவியர் ஹெலன் ஷெர்ஃப்பெக் இளம்வயதிலிருந்து 1945 வரை தன் முகத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். தொடக்கத்தில் இருக்கிற மென்மையான சதை, தலைமுடி, வெளிச்சம் எல்லாம் போகப் போகக் கழன்று, கடைசிப் படங்களில் கிட்டத்தட்ட மண்டையோடு மட்டும் மிஞ்சுகிறது. அந்த வரிசையில் நுணுக்கத்தை எண்ணினால் கணக்கு தலைகீழாக வரும். உங்கள் வரிசையிலும் ஏதோ ஒரு கட்டத்தில் நீங்கள் எதையாவது விட்டுவிடத் தொடங்கியிருக்கலாம், சோம்பேறித்தனமா தெளிவா என்பது உங்களுக்குத்தான் தெரியும். (சொந்த முகம் நல்ல அளவுகோல், மாடலுக்கு அலைய வேண்டாம். ரெம்ப்ராண்ட் தீட்டியது, வரைந்தது, செப்புத்தகட்டில் செய்தது எல்லாம் சேர்த்துத் தன்னைத்தானே ஏறக்குறைய 80 தடவை பதிந்து வைத்தார். நமக்கு வருஷத்துக்கு ஒன்று போதும்.)

அடுத்த கேள்வி பிடிக்காத கேள்வி: எதைத் தொலைத்தேன்? என் முதல் நோட்டுகளில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், யாரோ மாடியிலிருந்து குதிப்பார்கள், யாரையோ நாய் துரத்தும், எல்லாம் கோணல்மாணலாக. நான் "நன்றாக வரைய" ஆரம்பித்த பிறகு வரிசையாக மூன்று வருஷம் வெறும் முகங்கள், அதுவும் போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக. பாராட்டு வந்தது, அதனால் அதையே செய்தேன், அவ்வளவுதான் காரணம். உங்கள் வரிசையில் ஒரே மாதிரிப் படங்கள் கொத்தாக வருகிற இடத்தைப் பார்த்தால், அப்போது யாருக்குக் காட்டுவதற்காக வரைந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பதில் சிலசமயம் சங்கடமாக இருக்கும்.

பார்த்து முடித்ததும் கை சும்மா இருக்காது, பழைய படம் ஒன்றைத் திரும்ப வரையத் தோன்றும். வரையுங்கள், அது நல்ல பயிற்சி. வான்கோ 1882-இல் முகத்தைக் கைகளில் புதைத்து உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவரை வரைந்து கல்லச்சாகவும் எடுத்தார், 1890 மே மாதம் அதே படத்தை எண்ணெய் வண்ணத்தில் மறுபடி தீட்டினார். எட்டு வருஷம் கழித்தும் உட்கார்ந்திருக்கும் விதத்தை அவர் மாற்றவில்லை. நாற்காலி, கால், குனிந்த முதுகு எல்லாம் அப்படியே இருக்க, நிறமும் தூரிகையும்தான் புதிதாக வந்தன. நீங்களும் படத்தின் எண்ணத்தை மாற்றாதீர்கள், அதே அளவுத் தாள், அதே சம்பவம். மேலே வைத்து டிரேஸ் எடுக்காதீர்கள், பழைய படத்தின் மேலேயே திருத்தவும் செய்யாதீர்கள்.

நான் தேர்ந்தெடுத்தது அலமாரி மேலிருந்து விழுகிற ஒரு பூனை. பழைய படத்தில் பூனைக்குக் கழுத்தே இல்லை, கால்கள் நான்கும் ஒரே பக்கம் முளைத்திருந்தன, ஆனால் விழுந்துகொண்டிருந்தது. புதுப் படத்தில் எலும்பு, தசை, நிழல் எல்லாம் சரி, பூனை காற்றில் மாட்டி வைத்த மாதிரி தொங்கியது. இரண்டையும் ஒரு மணி நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது, பழைய படத்தில் அலமாரியும் சாய்ந்திருந்தது, தப்பாகப் போட்ட அந்தச் சாய்வுதான் வேகத்தைக் கொடுத்தது. மூன்றாவதாக ஒன்று வரைந்தேன், சாய்ந்த அலமாரியும் ஒழுங்கான பூனையும். மூன்றில் அதுதான் தேறியது.

கிழிக்க வேண்டாம். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால் பழைய குவியலின் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வெறி நிஜமாகவே வரும். மோனே 1908-இல் ஒரு கண்காட்சிக்குக் கொஞ்சம் முன்பு தன் அல்லிக்குள ஓவியங்களில் குறைந்தது 15 படங்களை அழித்தார். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் தன் எழுபதுகளில், 70 வயதுக்கு முன் தான் வரைந்ததில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்று எழுதி வைத்தார், அந்தப் பேச்சை நம்பினால் 1814-இலிருந்து அவர் வெளியிட்ட, எத்தனையோ பேர் பார்த்து வரையக் கற்றுக்கொண்ட ஸ்கெட்ச் தொகுதிகளைக் குப்பையில் போட வேண்டியதுதான். தன் பழைய வேலையைப் பற்றி வரைந்தவர் சொல்கிற தீர்ப்பு அன்றைய மனநிலையைப் பொறுத்தது. பெட்டியில் போட்டு மூடுங்கள். கரித்துண்டில் வரைந்தவற்றுக்கு நடுவில் வழவழப்பான மெல்லிய தாள் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். மலிவான நியூஸ்பிரின்ட் தாள் எப்படியும் மஞ்சளாகி நொறுங்கும், மார்க்கர் நிறங்கள் வெளிச்சத்தில் வெளுக்கும், அவற்றை மட்டுமாவது ஸ்கேன் செய்துவிடுங்கள், ஸ்கேனரில் தெளிவு 300 டிபிஐ வைத்தால் போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? என்னைக் கேட்டால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மாதாமாதம் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தினமும் செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கிற கதைதான்.

கஷ்டமான பகுதி ஒன்று மீதி இருக்கிறது. பழைய படங்களில் ஒளித்தது இப்போது தெரிகிறது, இந்த வருஷம் எதை ஒளிக்கிறோம் என்பது நமக்குத் தெரியாது. அதற்கு வேறு கண் வேண்டும், அதுவும் வரையத் தெரியாத கண்ணாக இருந்தால் நல்லது, வரைகிறவர்கள் நம்மைப் போலவே மரியாதையாகக் கடந்துபோய்விடுவார்கள். கடைசி ஆறு மாதப் படங்களை அக்கா மகளிடம் கொடுத்தேன், ஒன்பது வயது. நிதானமாக எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "ஏன் மாமா, உங்க படத்துல யாருமே ஓட மாட்டேங்கிறாங்க?" என்றாள். திரும்ப வாங்கிப் பார்த்தேன். எல்லோரும் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், சாய்ந்திருக்கிறார்கள்.

இந்த வாரம் ஓடுகிறவர்களை வரைந்துகொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு பேர், நான்கு பேருக்கும் முழங்கால் தப்பான பக்கம் மடங்குகிறது.