காலை இழுப்பதும் காலை வாருவதும்: பிறமொழி மரபுத்தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு சிறுகதையின் மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு கட்டுக்கதையைச் சொல்லித் தம்பியை நம்பவைக்கிறான். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆங்கில மூலத்தில் அண்ணன் தம்பியின் 'காலை இழுக்கிறான்'. தமிழ்ப் பிரதியிலோ 'அண்ணன் தம்பியின் காலை வாரிவிட்டான்' என்று இருந்தது. அந்த ஒரு வரியில் பாசக்கார அண்ணன் துரோகியாகிவிட்டான். ஆங்கிலத்தில் காலை இழுப்பது விளையாட்டுக்கு ஏமாற்றுவது; தமிழில் காலை வாருவது நம்பியவனைக் கவிழ்ப்பது. ஸ்பானிய மொழியில் இதே விளையாட்டுக்கு 'முடியை எடுப்பது' என்று பெயர். 'விளையாட்டாகச் சீண்டினான்' என்று மாற்றிய பிறகுதான் அடுத்த பத்தியின் சிரிப்புக்கு இடம் கிடைத்தது.

இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. தொடரில் உள்ள படத்தை எடுத்துக்கொள்கிறோம். அதை யார், யாரிடம், எந்த மனநிலையில் சொல்கிறார்கள் என்பதை விட்டுவிடுகிறோம்.

படம் ஒன்றானால் பொருளும் ஒன்று என்று நம்புவது

'வெள்ளை யானை' என்றதும் நம் மனத்தில் நிற்பது இந்திரனின் ஐராவதம். ஆங்கிலத்திலோ அது வைத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் காசைத் தின்னும் சொத்து. 'அந்தத் திட்டம் ஒரு வெள்ளை யானை' என்று அப்படியே எழுதினால், ஆங்கிலம் அறியாத வாசகர் அதைப் பாராட்டு என்றே படிப்பார்.

அண்டை மொழிகளுக்குள்ளேயே இந்தக் கண்ணி உண்டு. ஜப்பானியரும் கொரியரும் 'படத்தில் உள்ள அரிசிப் பணியாரம்' என்ற ஒரே உருவத்தை வைத்திருக்கிறார்கள். கொரிய மொழியில் அது, ஆசைப்பட்டாலும் கைக்கு எட்டாத பொருள். ஜப்பானிய மொழியில், காகிதத்தில் அழகாக இருந்தும் நடைமுறைக்கு உதவாத திட்டம். நம் 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' ஜப்பானியருக்குப் பக்கத்தில் நிற்கிறது. கொரியருக்கு வேண்டியது 'எட்டாக்கனி'. படத்தை மட்டும் பார்த்தவர் இரண்டுக்கும் சுரைக்காயையே வைத்துவிடுவார்.

படம் வேறாக இருந்து பொருள் ஒத்துப்போவதும் உண்டு. ஜப்பானில் குரங்கும் மரத்திலிருந்து விழும். நம்மிடம் ஆனைக்கும் அடி சறுக்கும். இந்தியில் ஒட்டகத்தின் வாயில் ஒரு சீரகம். நம்மிடம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. இப்படி அமைந்துவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் தமிழ்ப் பழமொழியைப் பொருத்துவதும் பிழையே. ஜெர்மானியர் ஒன்றும் புரியாதபோது 'எனக்கு ரயில் நிலையம் மட்டுமே புரிகிறது' என்பார்கள். பேச்சு வேகமாக ஓடும் இடத்தில் 'தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம். எதிரே இருப்பவர் 'அப்படியானால் அடுத்த ரயிலில் ஏறு' என்று பதில் சொல்கிறார் என்றால், அந்த ரயில் நிலையத்தைக் கைவிடவே கூடாது.

கோபத்தின் அளவைத் தவறவிடுவது

சொல் சரியாக இருந்தும் அதன் சூடு மாறிப்போவதுதான் எனக்குத் தெரிந்தவற்றில் மிகக் கடுமையான தவறு. 1956 நவம்பர் 18 அன்று மாஸ்கோவில், போலந்துத் தூதரக வரவேற்பு ஒன்றில், சோவியத் தலைவர் குருஷேவ் மேற்கு நாட்டுத் தூதர்களைப் பார்த்து 'உங்களைப் புதைப்போம்' என்றார். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் அப்படியே சென்றது. அணுகுண்டு அச்சத்தில் இருந்த காலம். கேட்டவர்களுக்கு அது கொலை மிரட்டலாகவே ஒலித்தது. முதலாளித்துவம் தனக்குக் குழி தோண்டுவோரைத் தானே உருவாக்குகிறது என்ற மார்க்சியக் கருத்து அந்தப் பேச்சின் பின்னால் இருந்தது. 'நாங்கள் நிலைத்திருப்போம், உங்கள் முடிவையும் பார்ப்போம்' என்ற சவால் அது. நம் வீட்டு முதியவர் எரிச்சலில் 'உனக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டுத்தான் நான் போவேன்' என்று சொல்வதில்லையா? அதில் கடுமை உண்டு, கத்தி இல்லை. குருஷேவே 1963இல் யூகோஸ்லாவியாவில் இதைத் தொட்டுப் பேசினார்: மண்வெட்டி எடுத்து யாரையும் புதைக்கப்போவதில்லை, உங்கள் தொழிலாளர் வர்க்கமே உங்களைப் புதைக்கும் என்றார். ஆனால் அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

1959 ஜூலையில் அன்றைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் நிக்சன் மாஸ்கோ வந்தபோது அதே தலைவர் 'குஸ்காவின் தாயைக் காட்டுவோம்' என்றார். ரஷ்யருக்கு அது 'ஒரு கை பார்த்துவிடுகிறோம்' என்பது போன்ற வழக்கு. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததைக் கேட்ட அமெரிக்கர்களுக்கு, யார் அந்தக் குஸ்கா, அவன் தாயை எதற்குக் காட்டவேண்டும் என்பதே விளங்கவில்லை. நம் 'ஒரு கை பார்க்கிறேன்' என்பதை வெறும் கையாகப் பெயர்த்தால் பிறருக்கும் இதே நிலைதான்.

ஒரு மொழி எங்கும் ஒரே மொழி என்று நினைப்பது

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன், அமெரிக்க அதிகாரிகள் ஒரு குறிப்பை 'மேசையில் வைப்பது' பற்றி நீண்ட நேரம் சண்டையிட்டதைச் சர்ச்சில் தம் போர்க்கால நினைவுகளில் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் அது உடனே விவாதத்துக்கு எடுப்பது; அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே.

ஸ்பானிய மொழியில் இது இன்னும் சங்கடமானது. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்கு 'கொஹேர்' என்ற வினைச்சொல்லை யாரும் கூச்சமின்றிச் சொல்வார்கள். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அதே சொல் உடலுறவைக் குறிக்கும் கொச்சை. பாடநூல் ஒரு நாட்டில் அச்சானது, நாம் பேசுவது இன்னொரு நாட்டவரிடம் என்றால், வழக்குச் சொற்களை முதலில் அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது.

அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்வதும் இதற்கு உறவான தவறே. மலாய் மொழியில் 'ஹாத்தி' என்றால் கல்லீரல். ஆனால் மனம் குடியிருப்பதும் அங்கேதான். 'ஹாத்தி உடைந்தது' என்றால் காதல் முறிந்து நெஞ்சு நொறுங்கியது. 'ஹாத்தியைத் தின்பது' வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்குவது. அச்சத்தில் ஈரக்குலை நடுங்குகிறது என்று சொல்லும் நமக்கு இது எளிதில் புரியவேண்டும்.

அடுத்தவர் குழுவின் சொல்லை அவசரமாக எடுப்பது

கொச்சை வழக்கு இளைஞர்கள் நேற்று உண்டாக்கியது என்று பலர் எண்ணுகிறார்கள். நன்னூல் இதற்குக் 'குழூஉக்குறி' என்று பெயரே வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்குச் சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள். குழுவுக்கு உள்ளே இருப்பவர் வாயில் வந்தால் அது உறவு. வெளியார் வாயில் வந்தால் பல நேரம் அத்துமீறல். வசைச்சொற்களில் இது இன்னும் கூர்மை. நண்பர்கள் ஒருவரையொருவர் வசையால் அழைப்பதைக் கேட்டுவிட்டு, இரண்டு வாரம் பழகியவர் அதையே சொன்னால் அறையே அமைதியாகிவிடும். புரிந்துகொள்வதற்காக எல்லாவற்றையும் கற்கலாம், பேசுவதற்கு மிகச் சிலவே போதும் என்பது என் கருத்து.

அழகான கதையைச் சொற்பிறப்பு என்று பரப்புவது

ஆங்கிலத்தில் பெருமழை 'பூனைகளும் நாய்களுமாக' பொழியும். வைக்கோல் கூரையில் தூங்கிய விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. தொடரின் தோற்றம் இன்றும் உறுதிப்படவில்லை. 'மண் குதிரை' என்பது 'மண் குதிர்' (ஆற்று மணல்மேடு) என்று நம்மிடம் சுற்றுகிற விளக்கங்களையும், பழைய நூல் ஒன்றில் அந்த வடிவத்தைக் காட்டும் வரை, நான் ஏற்பதில்லை. உறுதியான வேர் உள்ளவை வேறு விதமாக இருக்கும். மோசடிக்காரனை இந்தியிலும் தமிழிலும் '420' என்கிறோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்கான பிரிவு 420. யாரும் புரட்டிப் பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அந்தக் குற்றம் பிரிவு 318க்குப் போய்விட்டது. வழக்கில் எண் மாறவில்லை.

நம் தொடரைப் பிறருக்குச் சொல்லும்போது

'அவள் முழுகாமல் இருக்கிறாள்' என்ற வரியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன். 'குளிக்கவில்லை' என்று எழுதினால் பொய். கருவுற்றிருக்கிறாள் என்று நேராக எழுதினால், அந்தத் தொடரில் இருக்கும் தணிந்த குரலும் நாணமும் போய்விடுகின்றன. அடிக்குறிப்பு போட்டுப் பார்த்தேன்; படிப்பவர் கண் கதையை விட்டு விலகியது. கடைசியில் ஆங்கிலத்தின் எளிய சொல்லையே வைத்துவிட்டு, சொல்கிற மூத்தவள் அடுத்தவளின் காதருகே குனிவதாக ஒரு சிறு அசைவைச் சேர்த்தேன்.