டைம்ஷேர் மெம்பர்ஷிப் கட்டுபடியாகுமா: போடி, கம்பம், குமுளிக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைக்கும் ஆண்டுகளில் போடிநாயக்கனூர், கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு வட்டாரத்துக் குடும்பங்களுக்கு ஒரு வகைத் தொலைபேசி அழைப்பு தவறாமல் வரும். மதுரையிலோ கொச்சியிலோ உள்ள ஒரு ஹோட்டலுக்குக் கணவனும் மனைவியுமாக வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும், இரண்டு இரவு தங்கும் கூப்பன் இலவசம் என்பார்கள். அங்கே விற்கப்படுவது டைம்ஷேர் மெம்பர்ஷிப். அது நல்லதா கெட்டதா என்ற பொதுவான கேள்விக்கு விடை கிடையாது. உங்கள் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா என்பதை மட்டும் ஒரு தாளும் பேனாவும் கொண்டு வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். அதை அந்த ஹோட்டலுக்குப் போவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

முதலில், வாங்கப்போவது என்ன என்பது தெளிவாக இருக்கட்டும். நம் நாட்டில் பெரும்பாலும் விற்கப்படுவது, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை, ஆண்டுக்கு இத்தனை இரவு, இன்ன சீசனில், இன்ன அளவுள்ள அறையில் தங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. 1986-இல் தொடங்கிய ஸ்டெர்லிங், 1996-இல் தொடங்கிய கிளப் மஹிந்திரா ஆகியவை நம் பக்கத்தில் அதிகம் அறியப்பட்ட பெயர்கள். 25 ஆண்டு, ஆண்டுக்கு 7 இரவு என்பது இத்தொழிலில் நெடுநாள் புழங்கிவரும் அளவு. குறைந்த ஆண்டுகளுக்கான திட்டங்களும், இரவுக்குப் பதிலாகப் புள்ளிகளைக் கணக்கில் வைக்கும் திட்டங்களும் உண்டு. எதுவானாலும் உங்கள் பெயரில் பத்திரப்பதிவு நடக்காது, பட்டா மாறாது, வில்லங்கம் போட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆகவே, அரை ஏக்கர் தோட்டம் வாங்குவதோடு இதை ஒப்பிடாமல், முன்கூட்டியே செலுத்திவிட்ட அறை வாடகையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதே முறை.

விற்பனை மேசையில் போடப்படும் கணக்கு அநேகமாக எங்கும் ஒரே மாதிரிதான். எதிரே இருப்பவர் ஒரு வெள்ளைத் தாளில் ஓரிரவு வாடகை 8,000 என்று எழுதுவார். அதை 7-ஆல் பெருக்கி 56,000 என்பார். அதை 25-ஆல் பெருக்கி 14,00,000 என்று எழுதி வட்டமிடுவார். பக்கத்தில் மெம்பர்ஷிப் விலை 5,00,000 என்று எழுதி, மிச்சம் 9,00,000 என்று இரண்டு கோடு இழுத்துவிட்டு, தாளை நம் பக்கம் திருப்பிப் பேனாவை அதன் மேல் வைப்பார். பெருக்கலில் பிழை இருக்காது. எழுதாமல் விட்டவற்றில்தான் விஷயம் இருக்கிறது.

எழுதாமல் விட்டதில் முதலாவது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். மெம்பர்ஷிப் விலையைக் கட்டி முடித்த பிறகும், தங்கினாலும் தங்காவிட்டாலும், ஆண்டுதோறும் இதைக் கட்ட வேண்டும். பாக்கி வைத்தால் பொதுவாக அறை பதிவு செய்ய முடியாது. ஒரு கணக்குக்காக, வரியோடு சேர்த்து இது 20,000 ரூபாய் என்றும் ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 25-ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 81,000 ரூபாய் ஆகியிருக்கும். 25 ஆண்டுகளில் கட்டிய மொத்தத் தொகை 11 லட்சத்தை நெருங்கும். மெம்பர்ஷிப் விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட தொகை அந்த வெள்ளைத் தாளில் இடம்பெறவே இல்லை. மெம்பர்ஷிப் விலைக்கும் இந்த ஆண்டுக் கட்டணத்துக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்பதால், சொல்லப்படும் தொகை வரி சேர்ந்ததா சேராததா என்று கேட்டே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மொத்தமாகக் கொடுக்கும் பணத்தின் வட்டி. இங்கே விற்பவரின் வாதம் ஒன்றை நாம் நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்: அறை வாடகை ஆண்டுதோறும் ஏறத்தான் செய்யும், இன்றைய விலையில் 25 ஆண்டுக்கு வாங்கிவைப்பதில் ஆதாயம் உண்டு. ஆனால் அதே 5,00,000 ரூபாய் வங்கி வைப்பில் இருந்திருந்தால் அதுவும் வளர்ந்திருக்கும். வட்டி 7 விழுக்காடு, வாடகை ஏற்றம் 6 விழுக்காடு என்று கொண்டால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வட்டி ஒரு விழுக்காடு கூடுதல் என்பதால், மெம்பர்ஷிப் விலையை 25-ஆல் வகுப்பதற்குப் பதில் 21-ஆல் வகுத்தால் போதும். ஆண்டுக்கு 20,000 என்று தோன்றியது சுமார் 24,000 ஆகிறது. வாடகை 4 விழுக்காடுதான் ஏறும் என்று நினைப்பவர் 17-ஆல் வகுக்க வேண்டும். அப்போது 29,000-க்கு மேல் போகும். நான் 21-ஐயே எடுத்துக்கொள்கிறேன், விற்பவருக்குச் சாதகமாகவே இருக்கட்டும்.

ஆக, ஆண்டுச் செலவு இன்றைய மதிப்பில், மெம்பர்ஷிப் விலையின் பங்கு 24,000-உம் பராமரிப்புக் கட்டணம் 20,000-உம் சேர்ந்து 44,000 ரூபாய். ஏழு இரவும் தங்கினால் ஓரிரவு சுமார் 6,300. ஐந்து இரவுதான் தங்க முடிந்தது என்றால் 8,800. நான்கு இரவு என்றால் 11,000. மெம்பர்ஷிப் விலையில் பேரம் பேசி ஐம்பதாயிரம் குறைத்தால் ஓரிரவுக்கு முந்நூறு நானூறு ரூபாய்தான் குறையும். இரண்டு இரவு வீணானால் 2,500 ரூபாய் கூடிவிடுகிறது. எனவே எவ்வளவுக்குத் தருகிறார்கள் என்பதைவிட, சராசரியாக ஆண்டுக்கு எத்தனை இரவு உண்மையிலேயே தங்குவோம் என்ற எண்தான் முழு முடிவையும் தாங்கி நிற்கிறது.

அந்த எண்ணை ஆசைப்பட்டு எழுதக் கூடாது. கடந்த ஐந்தாண்டுகளில் வீட்டுக்கு வெளியே, உறவினர் வீடுகளையும் கோயில் பயணங்களையும் தவிர்த்து, பணம் கொடுத்து அறை எடுத்துத் தங்கிய இரவுகளை எண்ணிப் பாருங்கள். பிறகு குடும்பத்தின் ஆண்டு நாட்காட்டியை எடுத்து வையுங்கள். தோட்டக்காரர்களுக்கு ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை வரைக்கும் சுற்றுச் சுற்றாக நீளும். ஆள் பிடிப்பதும் ஸ்டோரில் காய் உலர்த்துவதும் ஏலத்துக்கு அனுப்புவதுமாக அந்த மாதங்களில் வீட்டுத் தலைவர் ஊரை விட்டு அசைய முடியாது. குமுளியில் கடையோ லாட்ஜோ வைத்திருப்பவருக்குக் கார்த்திகையும் மார்கழியும் ஐயப்ப சீசன். எஞ்சுவது ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறை. அதற்குள் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, சித்ரா பௌர்ணமிக்கு மங்களதேவி கண்ணகி கோயில், வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் வந்துவிடும். பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும் ஆண்டுகளில் வீட்டில் பயணப் பேச்சே எழாது.

இதைத்தான் சீசன் நிறத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மெம்பர்ஷிப்புகளைப் பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நிறம் பிரித்து விற்கிறார்கள். பர்ப்பிள் மிக நெரிசலான நாட்களுக்கானது, விலையும் மிக அதிகம். ப்ளூ ஆள் குறைந்த மழை நாட்களுக்கானது, விலை குறைவு. விலை குறைவு என்று ப்ளூ வாங்கும் ஏலத்தோட்டக் குடும்பம், தனக்குக் காய் எடுப்பு நடக்கும் மாதங்களையே வாங்கியிருக்கிறது என்பதைப் பிறகுதான் உணரும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதிக்கு அதே ப்ளூ பொருத்தமாக அமையலாம். ஆனால் அறுபது வயதில் 25 ஆண்டு ஒப்பந்தம் போடுகிறோம் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும். ஒரே தேதி ஓர் ஊரில் ஒரு நிறமாகவும் மற்றோர் ஊரில் வேறு நிறமாகவும் இருக்கக்கூடும் என்பதால், நீங்கள் போக விரும்பும் ஊர்களின் சீசன் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு விஷயம், விற்பவர்கள் காட்டும் படங்களில் பாதி நமக்கு அடுத்த மலை. சென்னைக்காரருக்கு மூணாறும் தேக்கடியும் வாகமண்ணும் விடுமுறை. போடிக்காரர் காலையில் போடிமெட்டு ஏறி மூணாறு பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி மூணாற்றில் இனி 2030-இலும் 2042-இலும் பூக்கும் என்பதால் 25 ஆண்டு உரிமைக்குள் இரண்டு முறை அதைப் பார்க்கலாம் என்று ஒருவர் ஆசை காட்டினால், அதற்கு அறையே தேவையில்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே ரிசார்ட் பட்டியலில் இடுக்கி மாவட்டத்து ஊர்களை அடித்துவிட்டு, குடகு, கோவா, இமாசலம் என்று மிஞ்சுவதில் எத்தனை ஊருக்கு உண்மையில் போவீர்கள், அங்கே போய்வர ஆகும் ரயில், விமானச் செலவு ஆண்டுதோறும் கையில் இருக்குமா என்று பாருங்கள்.

அடுத்து, 6,300 ரூபாயை எதனோடு ஒப்பிடுவது? அந்த ரிசார்ட்டின் விலைப்பட்டியலோடு அல்ல. மெம்பர்ஷிப் இல்லாவிட்டால் நீங்கள் எடுத்திருக்கக்கூடிய அறையோடு. கொடைக்கானலில் 2,500 ரூபாய்க்கு ஹோம்ஸ்டே எடுத்துச் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் அறை 6,300-க்குக் கிடைப்பது மிச்சமாகாது, அது கூடுதல் செலவுதான். 2025 செப்டம்பர் 22 முதல், ஓரிரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்பதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். மாறாக, ஆண்டுதோறும் மே மாதத்தில் குடும்பத்தோடு 9,000, 10,000 ரூபாய் அறையில் ஒரு வாரம் தங்குவதை வழக்கமாகவே வைத்திருப்பவர், அந்த நாட்களுக்கு உரிய நிறத்தை வாங்கி, மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யும் ஒழுங்கும் உள்ளவர் என்றால், அவருக்கு இது லாபம்தான். அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவு என்பது என் கணிப்பு.

அறையின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ என்பது பொதுவாக இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு சிறுவர்களுக்குமானது. அப்பா, அம்மா, மாமியார் என்று கூடவே வரும் வீட்டுக்கு அது போதாது. கூடுதல் ஆளுக்குக் கட்டணம் உண்டு. அறையில் அடுப்பு இருக்கிறதா, வெளியுணவு கொண்டுவர அனுமதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். நான்கு பேர் மூன்று வேளையும் ரிசார்ட் உணவகத்திலேயே சாப்பிட்டால் சாப்பாட்டுச் செலவே ஓரிரவு அறை வாடகைக்குச் சமமாக வந்துவிடலாம்.

தவணையில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 5,00,000 ரூபாயை 15 விழுக்காடு வட்டியில் 48 மாதத் தவணையாகக் கட்டினால் மாதம் சுமார் 13,900 ஆகி, முடிவில் வட்டி மட்டும் 1,68,000 ரூபாய் போயிருக்கும்.

கணக்கு சாதகமாக வந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஏற்கெனவே அதே நிறுவனத்தில் உறுப்பினராக உள்ள ஒருவரை, பள்ளியிலோ வியாபாரிகள் சங்கத்திலோ உறவிலோ, தேடிப் பிடித்து அவருடைய கைப்பேசிச் செயலியை அவர் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். மே மாத இரண்டாவது வாரம், டிசம்பர் கடைசி வாரம், நீங்கள் விரும்பும் ஊர், உங்களுக்கு விற்கப்படும் அதே நிறம், அதே அளவு அறை: கிடைக்கிறதா என்று பாருங்கள். விற்பனை மேசையில் ஒன்றரை மணி நேரம் கேட்பதைவிட இந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லும். உங்கள் இரவுகளை வெளிநாட்டு ரிசார்ட்டுகளுக்கு ஆர்சிஐ என்ற டைம்ஷேர் பரிமாற்ற நிறுவனத்தின் வழியாக மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கான சந்தாவும் மாற்றுக் கட்டணமும் தனி.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்பே வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள். தர மறுத்தால் அத்தோடு எழுந்து வந்துவிடலாம். ஆண்டுக் கட்டணம் எந்த அடிப்படையில் ஏற்றப்படும், உச்சவரம்பு உண்டா. தங்காத இரவுகளை எத்தனை ஆண்டு சேர்த்து வைக்கலாம். பிள்ளைகள் பெயருக்கு மாற்றவோ வாரிசுக்குச் சேரவோ என்ன கட்டணம். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் ஆகியவற்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வாய்மொழி வாக்குறுதிகள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஆகவே மேசையில் எழுதிக் காட்டிய அந்த வெள்ளைத் தாளில் தேதியும் கையெழுத்தும் கேட்டு வாங்குங்கள், அல்லது அதையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் வாங்கவே கூடாது. மறுவிற்பனைச் சந்தை மிகச் சிறியது. கிடைக்கும் விலையும் போட்டதில் ஒரு பங்குதான். உங்கள் மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறோம், முன்பணமாகக் கொஞ்சம் அனுப்புங்கள் என்று வரும் அழைப்புகள் மோசடி என்றே கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் நாள் கடத்தக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாட்களுக்குள் விலகும் உரிமையைச் சட்டமே தருகிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லாததால், ஒப்பந்தத்தில் எழுதியுள்ள விலகல் காலம்தான் கணக்கு. அந்த நாட்களுக்குள் மின்னஞ்சலிலும், பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் விலகல் கடிதம் அனுப்பிவிடுங்கள். அதன் பிறகும் பணம் திரும்பாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்கு மும்பையிலோ சென்னையிலோதான் நடக்கும் என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்: போடிக்காரர் தேனி மாவட்ட ஆணையத்திலும், குமுளிக்காரர் இடுக்கி மாவட்ட ஆணையத்திலும். நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற விதியும் நுகர்வோரைத் தடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்துள்ளது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையத்தில் வழக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.