சேலத்தில் பொறியியல் கல்லூரி தேடும்போது ஃபிளெக்ஸை நம்பி ஏமாறாமல் இருப்பது எப்படி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் ஐந்து ரோடு பக்கம் போனால் '100% பிளேஸ்மென்ட்' என்று ஒரு ஃபிளெக்ஸாவது கண்ணில் படும், கூடவே சிரித்த முகத்தோடு ஒரு மாணவரும் லட்சங்களில் ஒரு சம்பளமும். அது அந்த பேட்ச்சிலேயே ஒருவருக்கு மட்டும் கிடைத்த சம்பளமாக இருக்கலாம். வகுப்பின் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மத்திய கல்வி அமைச்சகம் வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், அங்கே கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். முகப்பில் தேடாதீர்கள், அடியில் எங்காவது ஒரு பிடிஎஃப்பாகக் கிடக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் (வேலை கிடைத்தவர்களைச் சம்பளப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது) எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். சேர்ந்தவர்கள் எண்ணிக்கையையும் வேலை கிடைத்தவர்கள் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், அந்த நூறு சதவீதம் யாரை வைத்துக் கணக்குப் போட்டது என்று புரிந்துவிடும் ('தகுதி பெற்ற மாணவர்களில்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்).

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் கிரேடு கல்லூரி முழுவதற்கும் பொது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் துறைவாரியாகத் தருவது, ஆகவே உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், நேரில் போங்கள், அட்மிஷன் மேளா நாளில் அல்ல, சாதாரண வேலை நாளில். ஏசி அறையும் நீச்சல் குளமும் காட்டுவார்கள், சரி, பார்த்துவிட்டு வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். லேபில் நீயே கையால் என்ன செய்தாய், நூலகம் எத்தனை மணி வரை, போன வருடம் பாடம் எடுத்தவர் இப்போதும் இருக்கிறாரா? கடைசிக் கேள்வி முக்கியம், ஆசிரியர் நிலைக்காத இடத்தில் கட்டடம் பாடம் எடுக்காது. வீட்டின் முதல் பட்டதாரிக்கு வேலை வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் முதல் வேலை போய்விட்டால் அடுத்ததைத் தானாகக் கற்றுக்கொள்ளும் பழக்கம் அந்த நான்கு வருடத்தில் வர வேண்டும், அது ஆசிரியரிடமிருந்துதான் வரும்.

கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. கட்ஆஃப் எட்டினால் கவுன்சலிங்கில் அதை முதலில் வையுங்கள்.

'இன்றே சீட் பிளாக் செய்யுங்கள்' என்பவரிடம் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அசல் சான்றிதழ் கவுன்சலிங் முடியும்வரை உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். நன்கொடை கேட்டால், கேபிடேஷன் கட்டணத்தைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992இலிருந்தே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.