ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: முன் சக்கர ஆட்டமும் ட்ரன்னியன் வேலையும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் முன்பக்கத்தில் கிரீஸ் கன் போகக் கூடாத இடம் ஒன்று உண்டு. சக்கரத்தைத் தாங்கி நிற்கும் வெர்டிகல் லிங்கின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்காரும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுழல்கிறது. வண்டியின் முன்பாரமும் இதன் மேல்தான். இதற்கு வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். ஆனால் லாரி, டிராக்டர் பட்டறையில் பழகிய கைக்கு நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் அடிக்கத் தோன்றும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளாக ஆக இறுகி, பிறகு ஆயில் ஊற்றினாலும் வழிவிடாமல் அடைத்துக்கொள்ளும். மேல் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் ஆயிலை விடக் கனம் என்பதால் கீழே தங்கி, பாரம் அதிகம் விழும் இடத்திலேயே துருப்பிடிக்க வைக்கும். கடைசியில் லிங்க் அங்கேயே முறிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கும். வேகமாக ஓடும்போதுதான் என்றில்லை, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ரிவர்ஸ் எடுக்கும்போதும் முறியும்.

இங்கே எழுதியிருப்பது சென்னையில் தயாரான ஹெரால்டுக்கு. அதன் பிறகு 1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெசல் காரில் மாறியது பின் ஆக்ஸில். முன்பக்க வேலை இதேதான்.

ஆட்டம் எங்கே என்று பார்ப்பது

முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிடுங்கள்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி, மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் மேல் பால் ஜாயின்ட் அல்லது கீழ் ட்ரன்னியன். எது என்று கண்ணால் பார்ப்பதை விட மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்ப்பது நல்லது, அசைவு விரலுக்குத் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வருவது பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு), இல்லையென்றால் ஸ்டீயரிங் ராக்கைப் பிடித்திருக்கும் ரப்பர். இன்ஜின் ஆயில் சொட்டி அந்த ரப்பர் ஊறிப்போயிருந்தால், மற்ற எல்லாவற்றையும் மாற்றினாலும் வண்டி நேராகப் போகாது.

பள்ளத்தில் 'டொக்' என்று ஒரே அடி கேட்டால் விஷ்போனின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கவை போன்ற கை) புஷ் அல்லது ஷாக் அப்சார்பரின் அடி புஷ். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'கிறீச்' என்று இழுத்தால் ட்ரன்னியன் வறண்டிருக்கிறது. அந்த வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுவது உத்தமம்.

சாமான்

ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் வாங்குங்கள். ஒரு ஜோடி ட்ரன்னியன், நைலான் புஷ், ஸ்டீல் ஸ்லீவ், வாஷர், ரப்பர் வளையம் கொண்ட கிட் இரண்டு, மேல் பால் ஜாயின்ட் இரண்டு, விஷ்போன் ரப்பர் புஷ் ஒரு செட், புது நைலாக் (தானே தளராத) நட்டுகள், ஸ்பிளிட் பின், அரை லிட்டர் 90 நம்பர் ஆயில். ட்ரன்னியன் மரை இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எதிரெதிர். பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு வந்திருக்கிறதா என்று கடையிலேயே திருகிப் பார்த்துவிடுங்கள்.

ஹெரால்டின் மூல வண்டி இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அங்கே டிரையம்ப் வண்டிகளுக்காக இந்தச் சாமான்களை இன்னும் செய்கிறார்கள், வரவழைக்கலாம். பழசு தேடுவதானால் கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம், இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. எங்கே போனாலும் கழற்றிய சாமானைக் கையில் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். ஸ்டீல் ஸ்லீவ், வாஷர் மாதிரியானவற்றை ஓசூரில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கலாம். வெர்டிகல் லிங்கை மட்டும் அப்படிச் செய்யக் கூடாது.

ஸ்பேனர் அங்குல அளவு. மி.மீ. ஸ்பேனரில் 5/8-க்கு 16-ம், 3/4-க்கு 19-ம் சரியாகப் போகும். 9/16-க்கு 14 ஏறாது, 15 போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். 1/2-க்கு 13 ஏறினாலும் கொஞ்சம் லூஸ். இறுகிய நட்டில் அதை வைக்க வேண்டாம்.

கழற்றுவது

முதல் நாள் மாலையே எல்லா நட்டு போல்ட்டிலும் துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாயும் வண்டி என்பதால் நின்றபடியே வேலை பார்க்கலாம்; இந்த விஷயத்தில் அம்பாசடர்காரர்கள் பொறாமைப்பட வேண்டியதுதான்.

சக்கரம், ஹப் மூடி, ஸ்பிளிட் பின், ஹப் நட்டு என்ற வரிசையில் கழற்றி, டிரம்மோடு ஹப்பை இழுத்தெடுங்கள். பிரேக் பேக்பிளேட்டின் போல்ட்டுகளை எடுத்து, பிளேட்டைக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். அது பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஹோஸைக் கழற்றாவிட்டால் பிரேக் பிளீடிங் வேலையும் மிச்சம்.

டை ராட் எண்டும் பால் ஜாயின்ட்டும் டேப்பரில் (கூம்பான துளையில்) இறுகியிருக்கும். நட்டை முனைவரை தளர்த்தி வைத்துவிட்டு, டேப்பர் உட்கார்ந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணை கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. கழன்றுவிடும். மரை முனையில் அடித்தால் கழலாது, மரைதான் கெடும்.

இனி ஷாக் அப்சார்பரின் அடி போல்ட். இதுவும் ட்ரன்னியனின் குறுக்கு போல்ட்டும்தான் நேரத்தைத் தின்னும். போல்ட் தன் ஸ்டீல் ஸ்லீவுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டு சுழன்றும் போல்ட் நகரவில்லையென்றால் சூடு காட்டி இரண்டு முறை முயலுங்கள். பிறகும் வராவிட்டால் விஷ்போனுக்கும் ட்ரன்னியனுக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடை விட்டு அறுத்துவிடுங்கள். போல்ட்டும் ஸ்லீவும் எப்படியும் புதிதுதான். கனச் சுத்தியலால் அடித்து விஷ்போனைக் கோணலாக்கிவிட்டால் மாற்றுக்கு அலைய வேண்டும்.

காயில் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரே யூனிட்டாக இருக்கிறது. மேலே உள்ள மூன்று நட்டுகளைக் கழற்றினால் முழு யூனிட்டும் வெளியே வரும், ஆபத்தில்லை. நடுவில் இருக்கும் ஒற்றை நட்டை மட்டும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் தொடக் கூடாது. அதுதான் அழுத்தி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. முகத்தில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி வைத்து, அதே இடத்தில் திரும்பப் போடுங்கள். கலந்துவிட்டால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

வெர்டிகல் லிங்கைப் பரிசோதிப்பது

இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடம் இது. லிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷால் மரையின் பள்ளம்வரை தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய கிரீஸ் கருமெழுகாக ஒட்டியிருக்கும். அது போனால்தான் கீழே இருப்பது தெரியும். வெயிலில் பிடித்து, மரையின் அடிச்சுற்றுகளையும் மரை தொடங்கும் கழுத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலோட்டமான கறை பரவாயில்லை. நகத்தில் தட்டும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் லிங்க் கழிவு. மரையின் முகடு கத்தி மாதிரிக் கூர்மையாகத் தேய்ந்திருந்தாலும் கழிவு.

பார்வைக்கு நன்றாக இருந்தாலும் டை பெனட்ரன்ட் சோதனை செய்துவிடுவது நல்லது. சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். ஓசூரில் ஃபேப்ரிகேஷன் வேலை செய்யும் இடங்களில் இந்த ஸ்பிரே டப்பாக்கள் இருக்கும்.

'வெல்டிங் வைத்து மரை வெட்டித் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் உலோகத்தின் தன்மை மாறிவிடும். முறிவு மறுபடி அங்கேதான் வரும். தேய்ந்த லிங்கில் புது ட்ரன்னியன் போடுவதும் வீண். கொஞ்ச நாளில் புது மரையையும் அது அரித்துவிடும்.

பூட்டுவது

புது ட்ரன்னியனின் அடியில் தகட்டு மூடி இருக்கும். சில சமயம் அது கசியும். மாட்டுவதற்கு முன்பே உள்ளே ஆயில் ஊற்றி, பழைய பேப்பரின் மேல் ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். காலையில் பேப்பரில் கறை இருந்தால் அந்த மூடியை ஈயம் வைத்து அடைத்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

மேல் ரப்பர் வளையத்தை லிங்கில் முதலில் ஏற்றுங்கள். ட்ரன்னியனைத் திருகிய பிறகு அது ஏறாது. மரையில் ஆயில் தடவி, ட்ரன்னியனைக் கையால் கடைசிவரை திருகுங்கள். பிறகு குறுக்கு போல்ட் விஷ்போனோடு நேராக வரும்வரை பின்னால் விடுங்கள். ஒரு சுற்றுக்கு மேல் விடக் கூடாது. முழுக்க இறுக்கியபடி விட்டால் ஸ்டீயரிங் முழு லாக் வருமுன் மரை முட்டும். அந்த முட்டலே லிங்கை முறிக்கும்.

நைலான் புஷ்ஷுக்குள் போகும் ஸ்டீல் ஸ்லீவ், புஷ்களை விட மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். விஷ்போன் இறுக்கிப் பிடிப்பது ஸ்லீவை, ட்ரன்னியன் அதன் மேல் தாராளமாக ஆட வேண்டும். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் போல்ட்டை இறுக்கியதும் மூட்டு கல்லாகிவிடும். லேத்தில் கடைந்து வாங்கும்போது நடக்கும் தவறு இதுதான்.

விஷ்போன் புஷ்ஷை வைஸில் சாக்கெட் வைத்து அழுத்தி ஏற்றலாம். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்; கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். புஷ் போல்ட்டுகளை இப்போது கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டு, சக்கரத்தில் நிற்கும் நிலையில் முழுதாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். முன்பக்கமும் உயர்ந்து நிற்கும்.

ஹப் பேரிங்குக்குக் கிரீஸ் தாராளமாக வைக்கலாம். டிரம்மைச் சுற்றியபடியே நட்டை லேசாக இறுக்கி, ஒரு முகம் பின்னால் விட்டுப் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். ஹப்பில் 0.05 முதல் 0.20 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும். இறுக்கமாக விட்டால் பேரிங் சூடேறி நீலமாகும்.

அலைன்மென்ட்டும் ஓட்டிப் பார்ப்பதும்

அலைன்மென்ட் கடைக் கம்ப்யூட்டரில் ஹெரால்டு இருக்காது. டூ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) 0 முதல் 1.5 மி.மீ. என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு டை ராடையும் ஒரே அளவு திருப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் வீல் கோணி நிற்கும்.

ட்ரன்னியனில் ஆயில் கன்னால் ஆயில் ஏற்றி, மேல் ரப்பர் விளிம்பில் கசியும்வரை அடியுங்கள். முதல் ஓட்டம் ஊருக்குள் மெதுவாக. புதிதில் ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாக இருக்கும், போகப் போக இளகும். 50 கி.மீ. ஆனதும் எல்லா நட்டையும் ஒருமுறை பாருங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தையும் ஒகேனக்கல் வளைவுகளையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதன்பின் 2,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டினாலோ, வாட்டர் சர்வீஸ் செய்தாலோ கணக்குப் பார்க்காமல் உடனே அடியுங்கள். புது ஆயில் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளும். பானெட்டின் உட்புறம் 'ட்ரன்னியன்: 90 நம்பர் ஆயில் மட்டும்' என்று வெள்ளை பெயின்டில் எழுதி வையுங்கள். வண்டியை விட்டுவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில்தான் கிரீஸ் கன் வரும்.