முதுகில் இருந்த 1966

பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை கொடுத்த பார்பி பொம்மையின் முதுகில் ‘1966, மலேசியா’ என்று பொறித்திருந்தது. அவ்வளவு பழசா என்று நம்பி, விற்பதற்கு 600 ரிங்கிட் விலை போட்டுவிட்டேன். வாங்கலாமா என்று பார்க்க வந்த ஓர் அக்கா பொறுமையாகச் சொன்னார்: அது அந்த உடல் வார்ப்பின் பதிப்புரிமை (©) ஆண்டு. தொண்ணூறுகளில் செய்த பொம்மைகளிலும் அதே 1966 இருக்கும். உண்மையான வயதை முகத்தையும் உடையையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

அப்புறம் ஈபே என்ற இணையச் சந்தையில் ஆட்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் பார்த்தேன். என்னுடையதில் பெட்டி இல்லை, ஒரு ஷூ இல்லை, முடியும் வெட்டுப்பட்டிருந்தது. அதே நிலையில் உள்ளவை போன விலையை வைத்து 45 ரிங்கிட் என்று மாற்றினேன். குறைகளைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்தேன். உலோகத் தோட்டால் காதில் படியும் பச்சைக் கறையைக்கூட மறைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். அந்த அக்காவே வாங்கிக்கொண்டார்.