ஃபைட்டர் மீன் இனப்பெருக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முட்டைக்கு முன்பே குஞ்சுணவு தேவை

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் இளைஞர், வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு ஜாம் போத்தல் ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தார். அதன் அடியில் நூல் துணுக்குகளைப் போல ஏறத்தாழ நூறு மீன்குஞ்சுகள் இறந்து கிடந்தன. "அண்ணா, முந்தாநாள் வரைக்கும் எல்லாம் நீந்தித் திரிந்தன. தண்ணீரும் மாற்றவில்லை, மருந்தும் போடவில்லை" என்றார். முட்டையிட்டு எத்தனை நாள் என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றார். குஞ்சுகள் பட்டினியால் இறந்திருந்தன.

என் முதல் குஞ்சுகளையும் நான் இதே முறையில்தான் இழந்தேன். இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விடக்கூடாது, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது என்பவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

குஞ்சுணவு தயாராகும் முன்னரே ஜோடி சேர்ப்பது

கொழும்பின் வெப்பத்தில், தண்ணீர் 27 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது, ஃபைட்டர் மீனின் முட்டைகள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு நாட்களில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சுகள் மேலும் இரண்டு மூன்று நாட்கள், ஆண் மீன் நீர்மட்டத்தில் குமிழிகளால் கட்டும் நுரைக்கூட்டின் கீழே வால் கீழ்நோக்கியிருக்கத் தொங்கும். அந்த நாட்களில் வயிற்றிலுள்ள கருவுணவுப் பையே அவற்றுக்குப் போதும். பிறகு அவை கிடையாக நீந்தத் தொடங்கும் அன்றே வெளியுணவு வேண்டும். அந்த உணவு அவற்றின் வாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறியதாகவும், அவற்றின் கண்ணுக்கு முன்னால் அசைவதாகவும் இருக்க வேண்டும். ஆகவே முட்டையைக் கண்ட நேரத்திலிருந்து உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய நான்கு நாட்கள் மட்டுமே. இன்ஃபியூசோரியா (தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்) போத்தலோ மைக்ரோவேர்ம் (மிகச் சிறிய புழு) பெட்டியோ அள்ளிக் கொடுக்கும் நிலைக்கு வர ஒரு வாரமளவு எடுக்கும். முட்டையைக் கண்ட பின்பு தொடங்குகிறவர் எவ்வளவு ஓடினாலும் அந்த மூன்று நாட்களை ஈடுசெய்ய முடியாது.

இந்தத் தவறு என்னை இன்றும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இதைச் செய்கிறவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர் என்பதே. ஆண் மீன் நுரை கட்டியதையும், பெண்ணைச் சுற்றி வளைந்து தழுவியதையும், விழுந்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாயால் பொறுக்கிக் கூட்டில் வைத்ததையும் இரவிரவாக விழித்திருந்து பார்த்து, படமெடுத்து, எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். உணவைப் பற்றிக் கடையில் கேட்டால், அவித்த மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். எனக்கும் ஒரு கடைக்காரர் அதையே சொன்னார். நான் மஞ்சட்கருவைத் துணியில் வடித்துத் துளித்துளியாகத்தான் விட்டேன். ஆனால் குஞ்சுகள் அதைத் தீண்டவில்லை, மறுநாள் காலையில் தண்ணீர் பால்போல வெளுத்து நாற்றமெடுத்தது, மாலைக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தேர்ந்த கைகளில் மஞ்சட்கரு பயன்படக்கூடும். முதன்முறை முயல்கிறவருக்கு அது தண்ணீரைக் கெடுக்கும் பொருள் மட்டுமே.

செய்ய வேண்டியது கடினமானதன்று. ஜோடியை எப்படியும் ஒன்றிரண்டு வாரம் தனித்தனியே வைத்து நன்றாக உணவூட்ட வேண்டும். அந்த வாரங்களிலேயே குஞ்சுணவையும் வளருங்கள். மூடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பாவில், ஆறிய ஓட்ஸ் கஞ்சியையோ நனைத்த பாணையோ ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி, சிறிது ஈஸ்ட் தூவி, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, ஏற்கெனவே வளர்க்கும் ஒருவரிடமிருந்து ஒரு கரண்டி மைக்ரோவேர்ம் வாங்கிச் சேர்த்தால் போதும். சில நாட்களில் புழுக்கள் டப்பாவின் சுவரில் ஏறத் தொடங்கும். அவற்றை விரலால் வழித்து, தண்ணீரில் அலசிக் கொடுக்கலாம். அவை அடியில் தங்கிவிடும் என்பதால் குஞ்சுத் தொட்டியில் மணலோ கல்லோ வேண்டாம். ஒரு டப்பா புளித்துப்போனால் மற்றொன்று கைகொடுக்கும் வகையில், எப்போதும் இரண்டு டப்பாக்களை ஒரு வார இடைவெளியில் தொடங்கி வையுங்கள்.

சில நாட்கள் கழித்துப் புதிதாகப் பொரித்த ஆட்டீமியா (உப்பு நீரில் வாழும், இறால் போன்ற சிற்றுயிர்) கொடுத்தால் குஞ்சுகள் விரைவாக வளரும். ஆயினும் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஆட்டீமியா முட்டைகள் உப்புத் தண்ணீரில், இடைவிடாமல் காற்று ஊட்டப்பட்டு, ஒரு நாளளவு சுழன்றுகொண்டிருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, என் காற்றுப் பம்பி நின்று, ஆட்டீமியா முட்டைகள் போத்தலின் அடியில் படிந்து வீணாயின. மின்சாரமே தேவைப்படாத அந்த இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள்தான் அப்போது என்னிடமிருந்த குஞ்சுகளை உயிரோடு வைத்தன.

டப்பாவின் சுவரில் புழு ஏறியதை உங்கள் கண்ணால் காணும்வரை பெண் மீனை ஆண் மீனின் தொட்டிக்குள் விடாதீர்கள்.

ஆண் மீனைப் பெண் என்று வாங்குவது

செட்டை குட்டையான பிளாக்காட் வகையில் இது அடிக்கடி நடக்கிறது. வயிற்றின் கீழே தெரியும் வெள்ளைப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள்; இளம் ஆண்களிலும் அது சில வேளைகளில் தெரியும். கண்ணாடிக்கு அப்பால் ஆணைக் காட்டும்போது உடலில் செங்குத்துக் கோடுகள் தோன்றி, வயிறும் முட்டையால் பருத்திருந்தால், அது பெரும்பாலும் ஆயத்தமான பெண்ணாக இருக்கும்.

முட்டையிட்ட பெண்ணை விட்டுவைப்பது

உடனே எடுத்துவிடுங்கள், ஆண் அதைக் கொன்றுவிடக்கூடும்.

தொட்டியைத் திறந்து வைப்பது

ஃபைட்டர் மீன் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிச் சுவாசிப்பதற்கு உதவும் லாபிரிந்த் உறுப்பு, குஞ்சு பிறக்கும்போதே இருப்பதில்லை. பிறந்து சில வாரங்கள் கழித்தே அது உருவாகிறது. அந்தக் காலத்தில் தண்ணீருக்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். என் வீட்டைப் போலக் கடற்காற்று நேரே வீசும் மாடிகளில், திறந்த தொட்டியின் நுரைக்கூடும் விரைவில் கலைந்துவிடும். சிறு இடைவெளி விட்டு, கண்ணாடியால் மூடுங்கள். தண்ணீரின் உயரம் 10 முதல் 15 சென்றிமீற்றர் போதும். அதற்கு மேல் ஆழமிருந்தால், கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளைத் தூக்கித் தூக்கியே ஆண் களைத்துவிடும். கொட்டாம்பா மரத்தின் காய்ந்த இலை ஒன்றை மிதக்கவிட்டால் ஆண் அதன் கீழேயே நுரை கட்டும்.

திறந்த வாளியில் நுளம்புக்குடம்பி வளர்ப்பது

ஜோடிக்கு அது நல்ல உணவு என்பது உண்மைதான். ஆனால் டெங்கு பரவும் இந்நகரில் அதற்காக வாளியைத் திறந்து வைப்பது அயலவரின் உயிரோடு விளையாடுவதாகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமுமாகும். இன்ஃபியூசோரியா போத்தலின் வாயையும் துணியால் இறுகக் கட்டுங்கள்.

போத்தல்களை எண்ணாமல் தொடங்குவது

இரண்டு மாதமளவில் ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆணுக்கும் தனிப் போத்தல் வேண்டும். ஐம்பது ஆண்கள் தேறினால் ஐம்பது போத்தல்கள், அவற்றை வைக்க ஒரு தட்டு, நாள்தோறும் தண்ணீர் மாற்ற ஒரு மணித்தியாலம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இடம் போதவில்லையென்று மிஞ்சியவற்றைக் கால்வாயிலோ நீரோடையிலோ கொண்டுபோய் விட வேண்டாம். ஃபைட்டர் தாய்லாந்தின் மீன். நம்முடைய ஈர வலயத்து நீரோடைகளில், நுரைக்கூடு கட்டும் அதன் உறவான மல்புலுத்தா வாழ்கிறது, அது இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை.